கத்தி படாமல் ஆறிய ஈறு

மாமி,

நேற்று தகரப் பெட்டியைத் துப்புரவு செய்யும்போது உங்கள் கிளினிக் கொப்பி கையில் அகப்பட்டது. நீல அட்டை, ஓரமெல்லாம் மடிந்து, நடுவில் ஒரு தேத்தண்ணிக் கறை. திறந்ததும் ஆஸ்பத்திரி வாசனையும் கராம்பு வாசனையும் சேர்ந்து வந்தன. மூன்றாம் பக்கத்தில் டாக்டர் நோனா சிவப்புப் பேனையால் வரைந்த பற்கள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு பல்லுக்கும் பக்கத்தில் ஓர் எண். ஏழு, எட்டு, ஆறு, ஏழு. அடுப்பில் பருப்பு பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. கொப்பியைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை. பெருமைதான் வந்தது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றை ஜெயித்தோம் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போலிருந்தது. அதை முழுதாக அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் உங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை. நான் ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். ரம்புக்கனைக்கு மேலே இருக்கும் உங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்தபோது பால் வெட்டும் கத்தியை எப்படிப் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. உங்கள் மகன் கொழும்பில் கடையில் வேலை பார்த்தபோது என் அண்ணன் மூலம் என்னைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டுத்தான் உங்களிடம் சொன்னார். அந்தக் கோபம் உங்களுக்குத் தீரவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம், அவர் கொழும்பிலும் நாம் இரண்டு பேரும் தோட்டத்து வரிசை வீடான லயத்திலுமாக இருந்தோம். "சோறு வெந்துச்சா", "விறகு நனையுது பாரு", இவ்வளவுதான் நமக்குள் பேச்சு.

ஆனால் ஊருக்கு நீங்கள் வேறு ஆள். மூன்றே மூன்று லயங்கள் உள்ள தோட்டம். சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். ஆஸ்பத்திரியானாலும் பொலிஸானாலும் கிராமசேவகர் வீடானாலும் லயத்து ஆட்கள் உங்களைத்தான் முன்னால் விடுவார்கள். வேலிக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த உங்கள் சிங்களத்தில் தோட்டத்து வாடையே இருக்காது. நீங்கள் பேசப் போனால் காரியம் முடிந்துதான் திரும்புவீர்கள்.

பிறகு நீங்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தீர்கள். ரொட்டியைக் கடிக்காமல் சாயத் தேத்தண்ணியில் ஊறவைத்து விழுங்கினீர்கள். தலையணை உறையில் பழுப்பாக ரத்தக் கறை இருக்கும். வாயைத் திறந்தால் வாடை. இன்றைக்கு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், மாமி. நீங்கள் பக்கத்தில் வந்து பேசினால் நானும் முகத்தைத் திருப்பியிருக்கிறேன். அடுப்பைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொள்வேன்.

என் மகளின் பிறப்புச் சான்றிதழைத் திருத்த டவுன் ஆபீஸுக்குப் போன நாள் உங்களுக்கு மறந்திருக்காது. தகப்பன் பெயர் சந்திரன் என்பதைச் சந்திரா என்று எழுதிவிட்டார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். நீங்கள் மேசையில் குனிந்து விஷயத்தைச் சொல்லத் தொடங்கினீர்கள். கிளார்க் கதிரையைப் பின்னால் தள்ளினார். கைலேஞ்சியை மூக்கில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் எட்டி நின்று பேசுங்க," என்றார் சிங்களத்தில். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் பாதியில் நிறுத்தினீர்கள். பிழையான பெயரோடேயே திரும்பி வந்தோம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே வந்தீர்கள்.

அதன் பிறகு லயத்து ஆட்கள் யாராவது கடிதத்தோடு வந்தால், "எனக்குத் தொண்டை சரியில்ல, வேற ஆளக் கூட்டிக்கிட்டுப் போங்க," என்று அனுப்பிவிடுவீர்கள். வேறு ஆள் யார் இருந்தார்கள்?

ஒருநாள் ஊறிய ரொட்டியோடு கடைவாய்ப் பல் ஒன்று கழன்று கையில் வந்தது. கன்னம் வீங்கியது. தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாப் பல்லும் ஆடுது. மொத்தமாப் புடுங்கிட்டு செட்டுப் பல்லு கட்டிக்கிறதுதான்," என்றார். உங்களுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது.

"டவுன் ஆஸ்பத்திரியில பல் டாக்டர் இருக்காங்களாம், ஒருக்கா போய்க் காட்டுவோம்," என்றேன்.

"நீ சொல்லி நான் கேக்கணுமா?"

இரண்டு நாள் கழித்துக் காலையில் நீங்கள் துவைத்த சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றீர்கள். பால் வெட்டப் போகவில்லை. கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

"புள்ளையப் பக்கத்துக் காம்பரா வீட்டுல விட்டுட்டு வா. போவோம்."

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை கேட்பது நின்றிருந்தது. டவுனுக்குச் சீக்கிரமாகவே போய்விட்டோம். பல் டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண், எல்லாரும் நோனா என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள், சிங்களம்தான் பேசினார். நீங்கள் முந்தானையை வாயிலிருந்து எடுக்கவேயில்லை. வேறு வழியில்லாமல் நான் என் அரைகுறைச் சிங்களத்தில், "தத் எல்லெனவா," என்றேன்.

டாக்டர் நோனா புருவத்தைத் தூக்கினார். முந்தானைக்குப் பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது.

"எல்லெனவா இல்ல புள்ள, ஹெல்லெனவா. நீ சொன்னா பல்லு தொங்குதுன்னு அர்த்தம். ஆடுதுன்னு சொல்லணும்."

அதை அப்படியே டாக்டருக்கும் சிங்களத்தில் விளக்கினீர்கள். டாக்டர் சிரித்தார். அவர் எட்டிப் போகவில்லை. கதிரையை உங்கள் பக்கமாக இழுத்துப் போட்டு முகத்துக்கு நேராகக் குனிந்தார். அன்றைக்கு உங்கள் வாயை மூடியிருந்த முந்தானை தானாகவே இறங்கியது.

கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் விட்டுவிட்டு, நர்ஸுக்கு எண் சொல்லிக்கொண்டே போனார். "செவன். எய்ட். சிக்ஸ்." ஒவ்வொரு இடத்திலும் ரத்தம். பிறகு கொப்பியில் படம் வரைந்து காட்டினார். ஈறு பல்லை விட்டுக் கழன்று பைபோல ஆகியிருக்கிறது. அந்தப் பைக்குள் பற்காரை கல்லாக உறைந்திருக்கிறது. அங்கே கிருமி இருந்துகொண்டு பல்லைப் பிடித்திருக்கும் எலும்பையே தின்கிறது. அந்த எண்தான் பையின் ஆழம், மூன்றுக்குள் இருந்தால் நல்லது. உங்களுக்கு எட்டு வரைக்கும் போயிருந்தது.

"எல்லாத்தையும் பிடுங்கணுமா?" என்று கேட்டீர்கள்.

இரண்டு பல் காப்பாற்ற முடியாது, மற்றதை முயன்று பார்க்கலாம் என்றார். கண்டிப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஈறை அறுத்துத் திறந்து சுத்தம் செய்யும் முறையும் உண்டாம். ஆனால் அதற்கு முன்னால் அறுக்காமல், ஊசி போட்டு மரக்கவைத்து, பைக்குள்ளேயே ஆழமாகச் சுரண்டிச் சுத்தம் செய்யலாம். நிறையப் பேருக்கு அதிலேயே ஆறிவிடும் என்றார்.

"ஆனா நான் செய்யிறது பாதிதான், அம்மா. மற்றப் பாதி வீட்டுல. வெத்தலை, பொயிலை இனிக் கூடாது. ரத்தத்தில் சீனி பார்க்கணும். ரெண்டும் சரியா வராட்டி நான் எத்தனை தரம் சுரண்டினாலும் பிரயோசனமில்ல."

ரத்தம் சோதித்தபோது சீனி ஏறித்தான் இருந்தது. அதற்கும் மாத்திரை தொடங்கினார்கள். அதுவரைக்கும் நமக்கு அது தெரியாது. பல் ஆடாமலிருந்தால் அதையும் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

அந்த இரண்டு பல்லையும் பிடுங்கிய பிறகு, கிழமைக்கு ஒரு நாளாக நான்கு நாள் போனோம். ஒவ்வொரு நாளும் வாயில் கால்வாசி. ஊசி போட்டதும் உங்கள் உதடு ஒரு பக்கம் தொங்கிவிடும். கொக்கிபோன்ற கருவியால் டாக்டர் சுரண்டும் சத்தம் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் கேட்கும். முதல் நாள் முடிந்ததும் என்னை உள்ளே கூப்பிட்டு, துணியில் வைத்திருந்த கறுப்புத் துண்டுகளைக் காட்டினார். பானையின் அடியில் பிடித்த கரிபோல இருந்தன. நீங்கள் அதைப் பார்த்துவிட்டு மரத்த வாயால், "இத்தன வருஷமா இதையா சொமந்தேன்," என்றீர்கள்.

நான்காம் நாள் டாக்டர் ஒரு சின்னப் பிரஷ்ஷைத் தந்தார். போத்தல் கழுவுகிற பிரஷ்ஷைக் குட்டியாக்கினதுபோல இருக்கும். காலையும் மாலையும் ஒவ்வொரு பல்லின் இடைவெளிக்குள்ளும் அதை விட்டு இழுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து நீங்கள் முயன்று பார்த்தீர்கள். முப்பது வருஷம் வெட்டுக்கத்தி பிடித்து விறைத்த விரல்களால் அந்த ஈர்க்குப்போன்ற பிடியைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு தரம் கீழே விழுந்தது. மூன்றாம் தரம் ஈறைக் குத்திவிட்டது.

"குடுங்க மாமி," என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. என் கையில் பிரஷ்ஷைத் தந்துவிட்டு, தண்ணீர் விழும் பீலிக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். இடது கையால் உங்கள் நாடியைத் தாங்கிப் பிடித்தேன். அதுவரைக்கும் நான் உங்களைத் தொட்டதே இல்லை. நீங்கள் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் பற்களை மட்டும் பார்த்தேன். முதல் நாள் வாடை தாங்க முடியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டுதான் செய்தேன். பத்தாம் நாளளவில் மூச்சை அடக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது.

லயத்தில் பேசாமல் இருப்பார்களா? "மாமியா வாயில கைய விட்டு மருமவ பல்லு வெளக்குறா," என்று பீலியில் தண்ணீர் பிடிக்க வந்தவள் சிரித்தாள். நீங்கள் நுரையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னீர்கள்.

"ஆமா. உனக்கும் வெளக்கணும்னா வரிசையில நில்லு."

உங்கள் வாய் திறந்திருந்த நேரமெல்லாம் நான்தான் பேசினேன். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது, அதனால் பேசினேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பனி, நான் பரீட்சை எழுதப் போனபோது செருப்பு அறுந்தது, என் அம்மா ஒரு மாதம் படுத்திருந்து போனது, எல்லாம் சொன்னேன். நீங்கள் கேட்கிறீர்களா இல்லையா என்று தெரியாது. ஒருநாள் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சட்டென்று கேட்டீர்கள்.

"உங்கம்மா கடைசியா என்ன சாப்பிடக் கேட்டாங்க?"

"ஆட்டுக்கால் சூப்பு, மாமி."

"குடுத்தியா?"

"குடுத்தேன். ரெண்டு கரண்டி குடிச்சாங்க."

நீங்கள் தலையாட்டினீர்கள். மறுநாள் காலையில் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தீர்கள். நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு அதுதான் முதல் தடவை.

வெற்றிலைதான் கஷ்டமாக இருந்தது. பதின்மூன்று வயதிலிருந்து போட்ட பழக்கம். வறுத்த கொத்தமல்லியை மடியில் முடிந்து தந்தேன். பால் வெட்ட மலைக்குப் போனால் அதை மென்றுகொண்டிருந்தீர்கள். இரண்டாம் மாதம் ஒரு மாலையில் பிரஷ்ஷை உள்ளே விட்டபோது பல்லிடுக்கில் சிவப்பு. ரத்தமென்று நினைத்தேன். பிறகு புகையிலை வாசனை வந்தது. என் கை நின்றது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நான் கடைசிப் பல் வரைக்கும் விளக்கி முடித்தேன்.

விடிந்ததும் வெற்றிலைப் பையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தீர்கள்.

"இத அடுப்புல போடு. நான் போட்டா திருப்பி எடுத்துருவேன்."

போட்டேன். அது எரிந்து முடியும்வரைக்கும் இரண்டு பேரும் நின்று பார்த்தோம்.

ஈறு வீக்கம் வற்ற வற்றப் பல் நீண்டதுபோலத் தெரிந்தது. இடைவெளிகள் தெரிந்தன. பச்சைத் தண்ணீர் கூசியது. நீங்கள் கண்ணாடியை எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் மோசமாகிவிட்டது என்று அதைக் கவிழ்த்து வைத்தீர்கள். எனக்கும் பயம்தான். டாக்டரிடம் கேட்டதற்கு, "வீங்கின ஈறு வத்தினா அப்படித்தான் இருக்கும். அது நல்ல அறிகுறி," என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் ஓட்டினோம். உங்கள் மகன் கொழும்பிலிருந்து வரும்போதெல்லாம் மருந்துக்கடையில் அந்தக் குட்டிப் பிரஷ் வாங்கி வருவார். தாயும் மனைவியும் பீலியடியில் ஒன்றாக நிற்பதை முதல் தடவை கண்டபோது அவர் பையை இறக்காமலே நின்றுவிட்டார்.

மூன்று மாதம் முடிந்து அளக்கப் போனோம். டாக்டர் என்னையும் உள்ளே நிற்கச் சொன்னார். அதே கம்பி, அதே நர்ஸ்.

"த்ரீ. த்ரீ. டூ. த்ரீ. ஃபோர்."

ரத்தம் வரவில்லை. டாக்டர் கம்பியை ஒரு தரம் துடைத்துவிட்டு மறுபடியும் அளந்தார். "த்ரீ." பின்பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் ஐந்து. அதை மட்டும் அப்போதே மறுபடி சுரண்டினார். பிறகு முன்பல்லைக் கருவியின் பிடியால் தட்டி ஆட்டிப் பார்த்தார். முன்பு ஆடிய பல் இப்போது இறுகி நின்றது. முகமூடியைக் கழற்றிவிட்டு, "கபன்ன ஓனே நே, அம்மா," என்றார்.

வெட்டத் தேவையில்லை. எனக்கே விளங்கியது. ஆனாலும் நீங்கள் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னீர்கள், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக.

"அறுக்கத் தேவையில்லையாம், புள்ள."

டாக்டர் நோனா பக்கத்து அறையிலிருந்த இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு உங்கள் வாயைக் காட்டினார். பழைய எண்களையும் புதிய எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். யார் இப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று அந்த டாக்டர் கேட்டார்.

"மகே துவ," என்றீர்கள்.

என் மகள் என்றீர்கள். மருமகள் என்பதற்குச் சிங்களத்தில் வேறு சொல் இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியாத சொல் இல்லை.

வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புவோம் என்று நினைத்தேன். நீங்கள் எதிர்ப்பக்கமாக நடந்தீர்கள். "எங்க மாமி?" என்று கேட்டேன். "பேரத் திருத்திட்டுப் போவோம்," என்றீர்கள். சான்றிதழை அன்று காலையே மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தீர்கள். டாக்டர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரிவதற்கு முன்பே.

அதே மேசை, அதே கிளார்க். முந்தானை தோளில் இருந்தது. நீங்கள் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து, தகப்பனுடைய பெயர் எப்படி, எங்கே, யாரால் பிழையானது என்று சொன்னீர்கள். அவர் நாளைக்கு வரச் சொன்னார். நாளைக்கு வந்தால் பால் வெட்டும் நாள் சம்பளம் போகும், பிழை எங்களுடையது இல்லை என்றீர்கள். கையெழுத்துப் போடும் பெரியவர் இல்லை என்றார். வரும்வரைக்கும் இருக்கிறோம் என்று வாங்கில் உட்கார்ந்தீர்கள். அவர் கதிரையைத் தள்ளவில்லை. கைலேஞ்சியை எடுக்கவுமில்லை. நம்மை அவருக்கு ஞாபகம்கூட இல்லை. இரண்டு மணிக்குப் பெரியவர் வந்தார். மூன்று மணிக்குள் சந்திரா சந்திரன் ஆனார்.

அன்று மாலை ரொட்டி சுட்டேன். நீங்கள் தேத்தண்ணியைத் தள்ளி வைத்துவிட்டு, காய்ந்த ரொட்டியைக் கட்டைச் சம்பலோடு கடித்தீர்கள். கடிக்கும் சத்தம் கேட்டது. இரண்டாவது ரொட்டியையும் கேட்டீர்கள்.

அதற்குப் பிறகு லயத்து ஆட்கள் மறுபடியும் நம் வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம் பிரஜாவுரிமைப் பத்திரம் இல்லாதவர்களுக்காக டவுனில் நடமாடும் சேவை வைத்தபோது, காலையிலிருந்து மாலை வரைக்கும் நீங்கள் மேசைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்காகவும் பேசினீர்கள். சாயங்காலம் குரல் கம்மிவிட்டது. பத்திரம் கிடைத்தவர்கள் உங்களைச் சுற்றி நின்றபோது நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். இடைவெளி விழுந்த பற்கள் அத்தனையும் தெரிந்தன. ஒரு கையும் வாய்க்குப் போகவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கிளினிக் போவதைக் கடைசி வரைக்கும் நீங்கள் விடவில்லை. அந்த டாக்டர் நோனா மாற்றலாகிப் போன பிறகும் விடவில்லை. விரல்கள் பழகியதும் பிரஷ்ஷை நீங்களே பிடித்துக்கொண்டீர்கள். ஆனாலும் மாலையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, "கடைவாயில எனக்கு எட்டல, நீ செய்," என்பீர்கள். எட்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நெஞ்சு வலி வந்து நீங்கள் இரண்டே நாளில் போய்விட்டீர்கள். குளிப்பாட்டிய பெண்களில் ஒருத்தி, "பாரு, எல்லாப் பல்லும் அப்படியே இருக்கு," என்றாள். நான் அழுதுகொண்டே, "எல்லாம் இல்ல. மூணு போயிருச்சு. மத்தது அத்தனையும் அவங்களுடையது," என்றேன். அந்த நேரத்திலும் கணக்குத் திருத்துகிறாளே என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

போன மாதம் மூன்றாம் லயத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மகனின் அடையாள அட்டை விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "மாமி இருந்தா பேசியிருப்பாங்க," என்று சொல்லிவிட்டு நின்றாள். என்னால் முடியாது, என் சிங்களம் உனக்குத் தெரியாதா என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தேன்.

டவுன் ஆபீஸ் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர், நீங்கள் யார் என்று கேட்டார். ரப்பர் தோட்டத்து அம்மாவின் மகள் என்றேன். அவருக்கு உங்களைத் தெரிந்திருந்தது. அம்மா எங்கே என்று கேட்டார். சொன்னேன். ஒரு கதிரையைக் காட்டினார். நான் உட்காரவில்லை. அந்த விண்ணப்பத்தில் என்ன குறை என்று கேட்டேன். கிராமசேவகரின் கையெழுத்துப் போதாது என்றார். வேறு என்ன வேண்டும் என்பதை எழுதித் தரச் சொன்னேன். நாளைக்கு வரச் சொன்னார். இருக்கிறோம் என்றேன். என் சிங்களத்தில் எத்தனையோ பிழை இருந்திருக்கும், மாமி. அவர் புருவத்தைத் தூக்கிய இடங்களில் நான் நிறுத்தி மறுபடியும் சொன்னேன்.

கடைசியில் உள்ளே போய்ப் பெரியவரிடம் கேட்டு வந்து, இருந்த கையெழுத்தே போதும் என்றார். மாலை பஸ்ஸுக்கு முன்னால் அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டு, முத்திரை குத்தி ரசீதுத் துண்டும் தந்தார்கள். அதை வாங்கிக்கொண்டுதான் திரும்பினோம்.